பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை

பின்னால் அணை. முன்னால் கடல்.
நடுவே தெலுக் பாஹாங் படகுத்துறையோரம்
எங்கள் வேனுக்குள்
எழுபது லிட்டர்.

யாரும் குழாயைத் திறக்கவில்லை.
ஆனாலும் கட்டிலடியில் பம்ப்
டுர்ரென்று இரண்டு விநாடி உறுமி நிற்கிறது,
பக்கத்து வீட்டுக்காரர்
தொண்டையைச் செருமுவது போல.
கைப்பேசியை வைத்து எண்ணினேன்.
பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை.
மூன்று இரவாக.

"ஷவர் குழாயை நீ ஒழுங்கா முடுக்கல" என்று
தைப்பிங்கில் சொன்னேன்.
பட்டர்வொர்த்தில் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.
பாலம் ஏறும்போது சொல்லவில்லை.
தவனேசனுக்குச் சொன்னதாகவே கேட்டிருக்கிறது.

இன்று இரவு, மணி இரண்டே கால்.
அவன் டார்ச்சைப் பிடிக்க
நான் முழங்காலில்.
கழிவறைத் தாளைக் கிழித்து
ஒவ்வொரு மூட்டிலும் சுற்றினேன்.
கண்ணுக்குத் தெரியாத ஈரம் தாளுக்குத் தெரியும்.
பாத்திரத் தொட்டியின் அடி காய்ந்திருந்தது.
ஷவரின் முழங்கை காய்ந்திருந்தது.
நான் மிகவும் நம்பியிருந்த
கழிவறை மிதி வால்வும்.
பின்கதவருகே,
மணல் கால் கழுவும் வெளிக்குழாயில் மட்டும்
தாள் நனைந்து வந்தது.
"பார்த்தியா?" என்றேன்.
"மழை" என்றான்.
மழைதான். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொரு கிளையாக அடைத்தேன்.
சமையலுக்குப் போவதை அடைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
பத்தாவது நிமிடம், டுர்ர்.
குளியலுக்குப் போவதை.
எட்டாவது நிமிடம்.
காத்திருந்த நேரத்தில் ஏதாவது பேசியிருக்கலாம்.
அவன் டார்ச்சை அணைத்து
பேட்டரி மிச்சம் பிடித்தான்.
இருட்டில் ஒரு படகு
இஞ்சினைக் கிளப்பிப் பார்த்துவிட்டு
மனம் மாறி அடங்கியது.

கடைசியில்
பம்பின் வாயிலேயே இருக்கிற வால்வைத் திருப்பினேன்.
இனித் தண்ணீர் போக இடமே இல்லை.
இரண்டாவது நிமிடம்
டுர்ர்.

அப்படியானால் எங்கும் கசியவில்லை.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.
முன்னால் வழியில்லாத தண்ணீர்
வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.
அழுத்தம் நழுவ நழுவ
பம்ப் விழித்து, தள்ளி,
களைத்து, மறுபடி விழித்து.

மின்சாரத்தை நிறுத்தினேன்.
குழாயைத் திறந்து மிச்சத்தை வடியவிட்டேன்.
நான்கு திருகாணி. தலை கழன்றது.
உள்ளே ஒரு ரப்பர் இதழ்,
தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடவேண்டியது.
அதன் உதட்டில் ஒற்றை மணல்.
கடுகளவு என்று சொல்ல வந்தேன்.
கடுகு பெரியது.

"இதுக்கு முன்னால வலை ஒன்னு இருக்குமே?"
மூன்று இரவில் அவன் கேட்ட ஒரே கேள்வி.

வலை.
லூமுட்டில், தண்ணீர் நூலாக வருகிறதென்று
நான் கழற்றிய வலை.
கழுவி, உலரட்டுமென்று
மைலோ டின் மூடிமேல் வைத்த வலை.
சாலையோரக் குழாயில்
அவன் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றபோது
"சீக்கிரம், சீக்கிரம்" என்றது
நான்தான்.

டின்னுக்குப் பின்னால் கிடந்தது,
நன்றாக உலர்ந்து.
அவனுக்குத் தெரியாமல் மாட்டிவிடலாம்.
டார்ச் வெளிச்சம் என் கையின்மேல்தான் இருந்தது.

ரப்பரை விரல் நுனியால் துடைத்தேன்.
வலையைப் போட்டேன்.
மூன்று திருகாணி.
நான்காவதைத் தன் பாதத்தடியிலிருந்து
அவன் எடுத்துத் தந்தான்.
பம்ப் நீளமாக ஒருமுறை ஓடி
நின்றது.

படுத்தோம்.
பதினோராவது நிமிடம் வந்தது.
தூறல் மட்டும்.
பன்னிரண்டு.
பதினைந்து.
"நின்னுடுச்சா?" என்றான், சுவரைப் பார்த்தபடி.
"அந்த ஷவர் குழாய்..."
"ம்."
"நல்லாத்தான் முடுக்கியிருக்க."

பத்தொன்பதாவது நிமிடம்
அவன் சிரித்தான்.
சத்தம் வரவில்லை.
மெத்தை குலுங்கியதில் தெரிந்தது.